பேட்டையின் கதை – 14: அம்மை போன பிறகும் சாட்டு

சென்ற வாரம் சந்தையோடு நிறுத்தியிருந்தோம். நாலா திசையிலிருந்தும் பஞ்சும் கடலையும் தானியமும் வந்து இறங்கின. கொண்டு வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். உடுமலை பேட்டையாயிற்று. கதை அதோடு முடிந்திருந்தால் இது வெறும் வியாபார வரலாறாகப் போயிருக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டவர்களெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிடுவதில்லை. கொங்கு வேளாளரும், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் கம்மவாரும் கம்பளத்தாரும், கன்னடம் பேசும் தேவாங்கரும், ராவுத்தர்களும் ஒரே வீதியில் தராசு பிடித்தார்கள். அவரவர் கும்பிடும் இடம் வேறு, குலதெய்வத்துக்கு முடியெடுக்கப் போகும் ஊர் வேறு. பொதுவாக இருந்தவை மூன்று: வெயில், தண்ணீர்ப் பஞ்சம், கோடை தொடங்கினால் வீடு வீடாக ஏறி இறங்கும் அம்மை.

அமராவதிக் கரையில் இருக்கும் கொழுமம், கடத்தூர் போன்றவை பழைய ஊர்கள். அந்தக் கரைவழி நாட்டுக் கோயில்களில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கலாம். எந்த ஊருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன முறை என்பது கல்லிலேயே இருக்கிறது. பேட்டைக்கு அப்படிப்பட்ட கல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நோம்பி இருக்கிறது. பங்குனியில் நடக்கும் மாரியம்மன் நோம்பி. உடுமலையின் பழைய ஆவணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன். ஆண்டுக்கு ஒருமுறை தெருவில் வைத்துப் படிக்கப்படும் ஆவணம் அது.

நோம்பி சாட்டோடு தொடங்கும். செவ்வாய்க்கிழமை இரவு அம்மனுக்குப் பூ வைத்துக் கேட்டு, மேளம் தட்டி, இன்னின்ன நாளில் இன்னின்னது என்று ஊரறியச் சொல்லுவது சாட்டு. பத்திரிகை அடிப்பதும் சுவரொட்டி ஒட்டுவதும் பிறகு வந்தவை. சாட்டு விழுந்துவிட்டால் ஊருக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். கல்யாணம் காட்சி வைக்கமாட்டார்கள். வெளியூர் போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், வேற்றூரில் இராத் தங்கக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிப்பு கிடையாது. "கண்ணு, சாட்டு உளுந்துருச்சு, கறி கிறின்னு பேச்செடுக்காத" என்று அப்பத்தாக்கள் வாயைக் கட்டிவிடுவார்கள். இன்றைக்குப் பேருந்திலும் ரயிலிலும் வேலைக்குப் போகிறவர்களால் இதையெல்லாம் முழுசாகக் காக்க முடிவதில்லை. ஆனாலும் சாட்டுக்குப் பிறகு இறைச்சிக் கடைப் பக்கம் போகாத வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு.

அடுத்தது கம்பம். கொங்கு நாட்டு மாரியம்மன் விழாக்களை மற்ற வட்டார விழாக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். மூன்று கிளை பிரியும் இடத்தில் வெட்டிய ஒரு மரத்துண்டு. பாலையோ வேம்போ, ஊருக்கு ஊர் மரம் மாறும். பட்டை சீவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி அம்மன் சந்நிதிக்கு எதிரே நட்டுவிடுவார்கள். அதுதான் அம்மனின் புருஷன். ஆண்டு முழுவதும் தனியாக இருப்பவளுக்கு இந்தப் பதினைந்து இருபது நாளைக்கு மட்டும் துணை. நட்ட இரவிலிருந்து கம்பத்தைச் சுற்றி ஆட்டம். விடியற்காலையில் பெண்கள் குளித்த ஈரத்தோடு குடத்தில் மஞ்சள் நீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேரனை இடுப்பில் வைத்திருக்கும் கிழவிகள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்த இடத்தில் தரை காய்வதே இல்லை. பகலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்த அதே கம்பத்தின் கவட்டில் இரவில் நெருப்புச் சட்டியைத் தூக்கி வைப்பார்கள். குளிர்ச்சியும் நெருப்பும் மாறி மாறி ஏறும் இந்த மரத்துக்கு முன்னால் நிற்கும்போது, அம்மை வார்த்த உடம்பை நினைக்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

1916இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி வைட்ஹெட், தத்துவ அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன். ஊர் ஊராகப் போய்ச் சாட்டு, பலி, தீமிதி என்று விவரம் கேட்டு எழுதியிருக்கிறார். பார்வை ஒரு பாதிரியாருடையது. நம் தெய்வங்களை இரக்கத்தோடும் கொஞ்சம் அருவருப்போடும்தான் பார்த்தார். இருந்தாலும் அன்றைக்கு நம்மவர்களில் படித்தவர்கள் புராணக் கோயில்களைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தபோது, பூசாரிப் பண்டாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வகையில் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மரத்தை வெட்டி வந்து தெய்வத்துக்காக நடுவது நமக்கு மட்டும் உரியதில்லை. ஜப்பானில் நாகானோ மாகாணத்தில் ஸுவா என்ற ஏரிக்கரை ஊர். அங்கே ஓன்பஷிரா என்ற விழா ஆறாண்டுக்கு ஒருமுறை, புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும் வரும். கடைசியாக 2022இல் வந்தது. மலைக்காட்டில் 16 பெரிய ஊசியிலை மரங்களை வெட்டுவார்கள். சக்கரம் கிடையாது, கயிறு கட்டி ஊரே இழுக்கும். செங்குத்தான சரிவில் மரத்தைச் சறுக்கிவிடும்போது அதன்மேல் இளவட்டங்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். கை கால் முறிவதும் சில ஆண்டுகளில் உயிரே போவதும் உண்டு. கடைசியில் அந்த மரங்கள் நான்கு கோயில்களின் நான்கு மூலைகளிலும் தூண்களாக நிற்கும். அவர்களுடைய தூண் அடுத்த விழா வரை நிற்கிறது. நம் கம்பம் அப்படி நிற்பதில்லை, நோம்பி முடிந்ததும் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுகிறோம். ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என மூன்று கோயில் கம்பங்களும் ஊர்வலமாகப் போகும்போது சனங்கள் உப்பும் மிளகும் வீசுவார்கள். கரூரில் வைகாசியில் கம்பம் ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆறு நம் ஊரைத் தாண்டிப் போகிற அதே அமராவதிதான். சில கிராமங்களில் கம்பம் பிடுங்கியதும் அம்மனுக்கு வெள்ளைச் சேலை சாத்தும் வழக்கமும் இருந்திருக்கிறது. புருஷன் போய்விட்டான், நோய் அவனோடு போகட்டும் என்பது கணக்கு.

உடுமலையில் கம்பம் நட்ட பிறகு சனங்கள் பேசிக்கொள்வது பூவோட்டைப் பற்றித்தான். மற்ற ஊர்களில் அக்கினிச் சட்டி, தீச்சட்டி என்பார்கள். இங்கே பூவோடு. வாயகன்ற மண்சட்டி. அதற்குள் காய்ந்த வேப்பங்கட்டையும் விறகுச் சிராயும் அடுக்கிப் பற்ற வைப்பார்கள். நெய் விட விட நாக்கு எழும்பும். கைக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு கொத்து வேப்பிலை, அவ்வளவுதான். முதல்முறை எடுப்பவர்கள் சட்டியை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நடப்பார்கள். பழக்கப்பட்டவர்கள் மார்புக்கு நேரே, முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு, மேளத்துக்கு ஏற்ற மாதிரி ஓரடி வைத்து ஓரடி நிறுத்தி வருவார்கள். பக்கத்தில் ஒருவர் நெய்க் கிண்ணத்தோடும், இன்னொருவர் எரிந்த கரியைத் தள்ளிவிடும் குச்சியோடும் வருவார். வெள்ளையோ மஞ்சளோ நனைத்த சேலை, வழியெல்லாம் சொட்டும். தெருவோரத்து வீடுகளில் குடத்தோடு காத்திருந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் யாரையும் என்ன வேண்டுதல் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை.

இந்தச் சட்டியை வனைந்த குயவருக்கும் நோம்பியில் பங்கு உண்டு. நெய் விட்டு மணிக்கணக்கில் எரித்தாலும் விரிசல் விடாத சட்டி வேண்டும் என்பதால், சாட்டுக்கு முன்பே மண் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். சட்டி கையில் உடைந்தால் கெட்ட சகுனம் என்ற பயம் எடுப்பவருக்கு. அந்தப் பழி யார் தலையில் விழும் என்பது வனைந்தவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது பெரியம்மை. இன்றைக்கு அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பயம் செவிவழிச் செய்தி. அம்மை என்று சொல்ல மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் பிச்சைக்காரர்கூட ஏற மாட்டார். படுத்திருப்பவருக்கு விரிப்பு வேப்பிலை, விசிறி வேப்பிலை, சாப்பாடு தாளிக்காத மோர்க்கஞ்சி. முத்து இறங்கிய பிறகு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா வழியனுப்பப்பட்டதாக அர்த்தம். இந்தியாவில் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது 1802 ஜூன் 14, பம்பாயில், ஒரு குழந்தைக்கு. ஆனாலும் நோய் நாட்டை விட்டுப் போக இன்னும் 173 ஆண்டுகள் ஆயின. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலக சுகாதார நிறுவனம் உலகத்தையே விட்டு ஒழிந்தது என்று அறிவித்தது. அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளைத் தவசக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த தாய்மார் கொங்கு நாட்டில் இருந்தார்கள். ஆத்தா வருவதை ஊசி போட்டுத் தடுத்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்ற கவலை. கடைசியில் ஊசியும் குத்திக்கொண்டார்கள், கம்பத்துக்குத் தண்ணீரும் ஊற்றினார்கள். இரண்டில் எது வேலை செய்தது என்று சண்டை போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே தனிமைப்படுத்தலைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சாட்டுக் கட்டுப்பாடு அதுதான் என்று இப்போது மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிக்குத்தான் சம்மதம். வேற்றூரில் இராத் தங்காதே, அம்மை கண்ட வீட்டுக்குள் போகாதே, எண்ணெய்ப் புகை கிளப்பாதே என்பதெல்லாம் சரி, நோய் பரவுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வகுத்த விதிகளாக அவை இருக்கலாம். ஆனால் தேரன்றைக்கு என்ன நடக்கிறது? சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஒரே வீதியில் தோளோடு தோள் உரசி நிற்கிறது. வீட்டுக்கு வீடு ஒரம்பரை வந்து இறங்குகிறது. பெரியம்மை இப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் விரும்பும். நோயை நிறுத்துவதற்காக மட்டும் வகுத்த ஏற்பாடு என்றால் தேரை இழுக்கவே விட்டிருக்கக் கூடாது. பயந்தவர்கள் தனித்தனியாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் ஊர் கலைந்துபோகும். அது நோயைவிடப் பெரிய ஆபத்தாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதே கதை கடல் தாண்டியும் நடந்திருக்கிறது. கியோத்தோ நகரத்தில் ஜூலை மாதம் முழுவதும் நடக்கும் கியோன் விழா ஜப்பானின் மூன்று பெரிய விழாக்களில் ஒன்று. அதன் தொடக்கம் 869ஆம் ஆண்டு. தலைநகரில் கொள்ளை நோய். செத்தவர்களின் கோபம்தான் நோயாக வருகிறது என்று நம்பி, நாட்டின் 66 மாகாணங்களுக்கு மாகாணத்துக்கு ஒன்று வீதம் 66 ஈட்டிகளை நட்டு, சாமியைப் பல்லக்கில் வைத்து எழுந்தருளச் செய்து சாந்தி செய்தார்கள். அங்கே கும்பிடப்பட்டது கோஸு தென்னோ என்ற எருதுத் தலைத் தெய்வம். புத்தர் தங்கியிருந்த சிராவஸ்தி ஜேதவனத்தின் காவல்தெய்வம் என்று இந்தியாவோடு முடிச்சுப் போட்டுச் சொல்வார்கள். நோயைக் கொடுப்பதும் அவரே, தடுப்பதும் அவரே. இந்தக் குணம் யாருடையது என்று உடுமலைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

நட்ட ஈட்டிகள் நாளடைவில் தேர்களாக வளர்ந்தன. இன்றைக்கு 34. அவற்றில் பெரியவை 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்டவை. ஆணி அடிக்காமல் கயிற்றால் மட்டும் வரிந்து கட்டி எழுப்புகிறார்கள். அவற்றின்மேல் போர்த்தும் பழைய விரிப்புகளில் பெல்ஜியத்துச் சித்திரத் திரையும் இந்தியக் கம்பளமும் இருக்கின்றன. ஒவ்வொரு தேரும் ஒவ்வொரு தெருவுக்குச் சொந்தம். செலவும் பராமரிப்பும் அந்தத் தெரு வியாபாரிகளுடையது. 15ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போரில் நகரம் எரிந்து விழா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோய், 1500இல் மீண்டும் எழுந்தது. 1533இல் அரசு தரப்பு கோயில் சடங்கை நிறுத்தச் சொன்னபோது நகரத்து மக்கள் கொடுத்த பதில் எனக்குப் பிடித்தமானது. சாமி சடங்கு நடக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தேர்களை மட்டும் ஓட்ட விடுங்கள் என்றார்கள்.

பேட்டைக்காரன் பேச்சு அது.

நம் தேருக்கு வருவோம். பூவோடு முடிந்து, பெண்கள் பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் இடித்துப் பிசைந்து குழி செய்து நெய்த்திரி ஏற்றிய மாவிளக்கைத் தட்டில் எடுத்துவந்து, அம்மனுக்குத் திருக்கல்யாணமும் நடந்த பிறகு, வியாழக்கிழமை தேர். உடுமலை, மடத்துக்குளம் வட்டாரத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வடம் பிடிப்பவர்களைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் தேரை ஓட்டுவது பின்னால் இருப்பவர்கள். சக்கரத்துக்கு அடியில் நீளமான சன்னைக் கட்டையைக் கொடுத்து, அதன் மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதித்து நெம்பினால்தான் நின்ற தேர் அசையும். அசைந்த பிறகு முன்சக்கரத்தருகே கட்டை போடுகிறவரிடம் எல்லாம் போய்விடுகிறது. இடது சக்கரத்துக்கு முன்னால் ஆப்புக்கட்டையை எவ்வளவு சாய்வாக வைக்கிறார் என்பதில்தான் தேர் திரும்புகிறது. கட்டையை வைத்துவிட்டு, உருளும் சக்கரம் தன் விரலைத் தொடுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். வடம் இழுக்கும் ஆயிரம் பேரும் அவர் கண்ணில் படமாட்டார்கள். அவருக்குத் தெரிவது சக்கரமும் தார்ச் சாலையும் மட்டும். மூலை திரும்பும்போது ஜமாப் மேளம் நின்றுவிடும். விசில் சத்தத்துக்குத்தான் வடம் இறுகும், தளரும். கியோத்தோவில் இந்த மூலைத் திருப்பத்துக்குப் பிளந்த மூங்கில் பத்தைகளைச் சக்கரத்தின் கீழே பரப்பித் தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் இழுத்து வழுக்க வைக்கிறார்கள். கட்டை போட்டுத் திருப்புகிற நம் ஆட்கள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். நம் கட்டையைப் பார்த்து அவர்களும் சிரிக்கலாம்.

தேரோட்டத்தின் மறுநாள் அம்மன் குதிரை ஏறிப் பரிவேட்டைக்குப் போவதும், குட்டைத்திடலில் வாணவேடிக்கையும், கடைசியில் முறைமாமன்கள் மேல் மஞ்சள் நீர் ஊற்றுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. நீட்டவில்லை.

நான் ஆவணம் என்று சொன்னதன் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு முதல் மரியாதை, யார் கட்டளை எந்த நாள், யார் வீட்டு மாவிளக்கு முன்னால் போகும் என்பதெல்லாம் விழாவில் எழுதப்படுகிறது என்றால், யார் உள்ளே வரக்கூடாது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. கொங்கு ஊர்களில் சாட்டுக்குத் தப்பட்டை அடித்தவர்கள் அருந்ததியர். அவர்கள் அடிக்காமல் நோம்பி தொடங்காது, ஆனால் அவர்கள் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இல். பெரிய கோயில்களில் கதவு திறந்த வேகத்தில் ஊர் மாரியம்மன் கோயில்களில் திறக்கவில்லை. தலைக்கட்டு வரி வாங்காமல் ஒதுக்குவது, தேர் குறிப்பிட்ட தெருவுக்குள் திரும்பாமல் போவது போன்ற நுணுக்கமான விலக்குகள் சட்டத்துக்குப் பிறகும் பல ஊர்களில் நீடித்தன. விழா ஊரை ஒன்றாக்குகிறது என்று சொல்பவர்கள், எந்த ஊரை என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அரசின் கையும் படிப்படியாக உள்ளே வந்தது. 1920களில் அறநிலைய வாரியம், 1951இல் துறை, 1959இல் இன்றைக்கும் நடப்பில் இருக்கும் சட்டம். கிடா வெட்டுக்கு 1950இல் தடைச் சட்டம் வந்து யாரும் கண்டுகொள்ளாமல் அரை நூற்றாண்டு கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோது கிராமத்து மக்கள் கொதித்தார்கள், 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சட்டமன்றமும் சாட்டும் மோதினால் எது வளையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பேட்டையின் நோம்பியைப் பற்றி மட்டும் பேசினால் சுற்றுப்பட்டு கோபித்துக்கொள்ளும். உடுமலை வட்டாரத்தின் விழாக் கணக்கு உண்மையில் தையில் தொடங்குகிறது. பெதப்பம்பட்டிப் பக்கம் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில். கால்நடைகளுக்கான தெய்வம். மாட்டுப் பொங்கலன்று கறந்த பாலைச் சாமிக்குக் கொண்டுவருவார்கள். மாடு நோய் நொடியில்லாமல் இருக்க மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைப்பார்கள். பொங்கலன்று பிறக்கும் கன்றைக் கோயிலுக்கென்று விட்டுவிடுவதும் உண்டு. அப்படி விடப்பட்ட காளைதான் சலகெருது. ஏரில் பூட்டமாட்டார்கள், வண்டியில் கட்டமாட்டார்கள். மார்கழி இரவுகளில் ஊர் மந்தையில் உருமி அதிர, இளவட்டங்கள் கையில் இரண்டு நீளக் கோல்களோடு அதன் முன்னால் நின்று ஆடுவார்கள். உருமியின் விம்மல் ஏற ஏறக் காளை தலையைத் தாழ்த்தி முன்னுக்கு வரும். கோலை முகத்துக்கு நேரே குறுக்காக வைத்து மறித்தால் நின்று ஒதுங்கும். அடக்குவது இல்லை, திமிலைப் பிடிப்பது இல்லை. மாடும் ஆளும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. பார்க்கக் கம்பளத்தாரின் தேவராட்டத்தில் ஒரு காளையும் சேர்ந்துகொண்டது போலிருக்கும். ஜல்லிக்கட்டுக்குத் தமிழ்நாடே திரண்ட 2017இலும் சலகெருதைப் பற்றி வெளியூரில் யாரும் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் வராததால்தான் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறதோ என்றும் தோன்றுகிறது.

மாசியில் மகா சிவராத்திரி. பூலாங்கிணறு ஊரிலிருந்து திருமூர்த்திமலை அமணலிங்கேசுவரர் கோயிலுக்குத் திருச்சப்பரம் போகும். மூங்கில் கட்டி எழுப்பிய உயரமான சப்பரம், தோளில் சுமந்தே மலையடிவாரம் சேர்க்க வேண்டும். ஜப்பானியர் தங்கள் சாமியைச் சுமக்கும் மிக்கோஷியும் தோள்சுமைதான். அங்கே வேண்டுமென்றே குலுக்குவார்கள், குலுங்கினால் சாமிக்கு உற்சாகம் என்பார்கள். நம் சப்பரத்தில் காற்றே குலுக்கிவிடும், மூங்கில் சாயாமல் பிடிப்பதே ஆட்களுக்குப் பெரும்பாடு. அந்தத் திருமூர்த்திமலைத் தண்ணீர்தான் பிறகு சுற்றுப்பட்டு ஊர்களின் நோம்பிகளுக்குத் தீர்த்தமாகக் குடங்களில் போகிறது.

இந்த நோம்பிகளுக்குள் வளர்ந்த ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி. சினிமாவுக்குப் போவதற்கு முன் அவருக்குக் கிடைத்த படிப்பு ஒயில் கும்மியும் உடுக்கடிப் பாட்டும் தம்பட்டமும் நாடகமும்தான். பின்னாளில் கொள்கையால் பகுத்தறிவுப் பக்கம் நின்றார், மூடநம்பிக்கையைக் கிண்டலடித்து எழுதினார். ஆனால் அந்தக் கிண்டல் எந்த மெட்டில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கோயில் மந்தையில் விடிய விடிய ஆடிய கூத்தின் மெட்டு. நோம்பி தன்னை விமர்சிப்பவருக்கும் தாளம் கொடுத்தே அனுப்பியிருக்கிறது.

1918இல் உடுமலை நகராட்சியானது. அதே ஆண்டில்தான் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சலும் வந்தது. 1928இல் திண்டுக்கல் – பொள்ளாச்சி ரயில் இந்த வழியாக ஓடியது, பழனிப் பக்கத்துச் சனமும் தேர் பார்க்க வந்து சேர வழி பிறந்தது. 1950களில் அமராவதி அணை. அடுத்த பத்தாண்டில் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால். கவலை இறைத்த கிணற்றடியில் கால்வாய்த் தண்ணீர் வந்து நின்றது. முன்பெல்லாம் சோளம் அறுத்து, பஞ்சு எடுத்து, கிணறு வற்றி, வேறு வேலையில்லாத காலம் பங்குனி. அதனால்தான் நோம்பி அப்போது. வேலை அட்டவணை மாறிவிட்டது, 2009இல் ஜில்லாவே கோவையிலிருந்து திருப்பூருக்கு மாறிவிட்டது. தேர் மட்டும் பங்குனியை விட்டு நகரவில்லை.

நின்றது ஒரே காரணத்துக்காக. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு விழுந்தது, பங்குனி பாதியில் இருந்தது. கோயில் கதவு சாத்தப்பட்டது, தேர் நிலையிலேயே கிடந்தது. கியோத்தோவிலும் 2020, 2021 இரண்டு ஆண்டும் தேர் ஊர்வலம் கிடையாது. கொள்ளை நோயை ஓட்டப் பிறந்த இரண்டு விழாக்களை ஒரு கொள்ளை நோய் நிறுத்தி வைத்தது. அந்தப் பங்குனியில் வீட்டு வாசலில் வேப்பிலை சொருகி, மஞ்சள் நீர் தெளித்துவிட்டு, முகக்கவசத்தோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டவர்கள் நம் ஊரில் ஏராளம். பெரியம்மைக் காலத்துக் கிழவிகள் யாராவது உயிரோடு இருந்திருந்தால், முகக்கவசத்தைத் தவிர வேறு எதையும் புதிது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊரடங்கு விலகியதும் தேர் திரும்ப ஓடியது. குட்டைத்திடல் ராட்டினத்துக்கு மறுபடியும் ஏலம் வந்தது, ஏலத்தொகை பற்றிய சண்டையும் மறுபடியும் வந்தது. ராட்டினச் சீட்டு விலையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுப்பதும் இந்த நோம்பியின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. அது தனிக் கதை, குட்டை திடலான கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் தளிப் பாளையத்துக்குப் போகிறோம். 1799இல் திப்பு விழுந்த பிறகு கோவைப் பகுதி கும்பினி கைக்குப் போன சமயம், மலையடிவாரத்துப் பாளையக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்கலாம்.